சிவப்புத் திரையைத் தாண்டச் சொன்ன மத்தியானம்

புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசுங்கன்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ரிட்டையர் ஆனவளைக் கூப்பிட்டா என்ன பேசுவா? பழைய கதைதான் பேசுவா. சர்டிபிகேட்டை எப்படிப் போடுறது, எந்தக் கட்டளையை எங்க அடிக்கிறது, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நல்லாவே தெரியும். இப்பல்லாம் அது தன்னால புதுப்பிச்சுக்குது, நாம டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சு கிடக்குது. அதைப் பத்தி நான் வாயைத் திறக்கப் போறதில்ல. அப்புறம் ஒண்ணு, என்னை மேடம்னு கூப்பிடாதீங்க. நான் மரக்காணத்துக்காரி, எங்க அம்மாவும் அப்பாவும் உப்பளத்துல உப்பு வாரினவங்க. அக்கான்னு சொன்னா போதும்.

இந்த வேலையில இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு ஆச்சரியம் அடங்காத விஷயம் ஒண்ணு இருக்குது. நீங்க போன்ல ஒரு வெப்சைட்டைத் திறக்கறீங்க. உங்க போனும் அந்த சர்வரும் அதுக்கு முன்னாடி ஒண்ணை ஒண்ணு பார்த்ததே கிடையாது. நடுவுல ஆயிரம் பேர் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க. அத்தனை பேர் காதுல விழற மாதிரி ரெண்டும் வெளிப்படையா பேசிக்குது. பேசி முடிச்சதும் பார்த்தா, ரெண்டுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியம் உருவாகி இருக்குது. கேட்டுக்கிட்டு இருந்தவன் ஒருத்தனுக்கும் அது தெரியாது. டிரெயினிங் வகுப்புல இதை முதல்ல சொன்னப்போ நான் கையைத் தூக்கி, "சார், பொய் சொல்றீங்க"ன்னேன். வகுப்பே சிரிச்சுது. அவர் கோவிச்சுக்கல, சின்னச் சின்ன எண்ணை வெச்சு போர்டுல போட்டுக் காட்டினாரு. அப்பவும் நான் நம்பல. பாண்டியிலருந்து மரக்காணம் போற பஸ்ஸுல உக்காந்து, மடியில ஒரு பேப்பரை வெச்சு நானே வேற எண்ணைப் போட்டுப் பார்த்தேன். சரியா வந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய உப்பளம் வெயில்ல மின்னிக்கிட்டு இருக்குது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா உடம்புக்கு முடியலையான்னு கேட்டாங்க.

ஆனா ரகசியம் பேசினா மட்டும் போதுமா? யார்கிட்ட பேசறோம்னு தெரிய வேணாமா? திருடன்கிட்டப் போய் ரகசியமா பேசி என்ன லாபம்? அதுக்குத்தான் சர்டிபிகேட். "நான்தான் இந்த சைட்டு"ன்னு சர்வர் சொல்லும். "ஆமா, இவர் அவரேதான்"னு வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருப்பாரு. அந்த ஒருத்தரை உங்க போனுக்கு முன்னாலயே தெரியும், போனைச் செய்யும்போதே அவர் பேரை உள்ள வெச்சுத்தான் அனுப்பறாங்க. கையெழுத்து தெரியாத ஆளோடதா இருந்தா போன் ஒரு அடி நகராது. இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லன்னு சிவப்பா ஒரு திரையைக் காட்டிட்டு நின்னுடும். நாம அதைப் பார்த்ததும் சலிச்சுக்கறோம். நான் சொல்லப் போறது அந்தத் திரை வந்த ஒரு மத்தியானத்தைப் பத்தி.

அனுமந்தை பக்கத்துல ஒரு குப்பம், பேர் வேணாம். அங்க மீன் பிடிக்கறவங்களுக்கு ஒரு சங்கம் இருக்குது. சங்கத்துக்கு ஒரு வெப்சைட், அதை நாமதான் நம்ம சர்வர்ல வெச்சு நடத்தினோம். பெருசா ஒண்ணும் இருக்காது. காத்து எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா கூடாதா, அவ்வளவுதான். வானிலைத் தகவல் வந்ததும் சங்கத் தலைவர் எங்க இருந்தாலும் அந்தப் பக்கத்தை மாத்திடுவாரு. ஆனா அந்தக் குப்பத்துல போட்டுக்காரங்க ஒவ்வொருத்தரும் போனைப் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. சங்கத்து ஆபீஸ்ல இருக்கிற எழிலரசி மட்டும் பார்ப்பா. பார்த்துட்டு, ஆபீஸ் இருக்கிற மீன் ஏலக் கொட்டாய்க்குப் பக்கத்துல இருக்கிற கம்பத்துல கொடி ஏத்துவா. பச்சைன்னா போகலாம், சிவப்புன்னா கூடாது. அவ ஏத்தின கொடிக்கு மறுபேச்சு கிடையாது.

அதுல ஒரு கண்டிப்பான கட்டுப்பாடு இருந்துச்சு. போன்ல யார் சொன்னாலும் கொடி மாத்தக் கூடாது. முன்னாடி ஒரு தடவை எவனோ தலைவர் மாதிரியே குரலை மாத்திப் பேசி, கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்லியிருக்கான். குப்பமே கரையில உக்காந்துடுச்சு. சாயங்காலம் தலைவர் வந்து, நான் எங்கடா பேசினேன்னு கேட்டப்பதான் ஏமாந்தது தெரிஞ்சுது. அன்னிக்கே ஊர் கூடிப் பேசி, சங்கத்தோட பக்கத்தைக் கண்ணால பார்த்தாதான் கொடின்னு முடிவு பண்ணிட்டாங்க. தலைவரே போன் பண்ணினாலும் கிடையாது. கணக்கு வாத்தியாருங்க எல்லாம் சேர்ந்து உக்காந்து கண்டுபிடிச்ச விஷயத்துக்கு இவங்க கடற்கரையில நின்னு வந்து சேர்ந்துட்டாங்களேன்னு எனக்கு ஒரே வியப்பு. குரலை நம்பாதே, அடையாளத்தைப் பாரு, அதுதானே சர்டிபிகேட்டும் சொல்லுது.

அது புரட்டாசி மாசம். நல்ல வெயில், பாண்டி ஆபீஸ்ல சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருக்கோம். எனக்கு அடுத்த சீட்ல ஜெகன், வாடிக்கையாளர் போனை எடுக்கிற பையன், நல்லவன், வாய் மட்டும் கொஞ்சம் அவசரம். யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்தான். "சிவப்பா வருதாக்கா? ஒண்ணும் இல்லக்கா, கீழ அட்வான்ஸ்டுன்னு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. அப்புறம் தொடரவும்னு வரும், அதையும் அமுக்குங்க. வந்துடும்."

எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. இந்தக் குறுக்கு வழி நம்ம ஆபீஸ்ல ஒரு பழக்கமாவே ஆகிப் போச்சு. சர்டிபிகேட் காலாவதியான நாள்ல யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சது, அப்புறம் எதுக்கெடுத்தாலும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. வேணாம்பா வேணாம்பான்னு நான் கத்துவேன், ஒருத்தன் காதுல போட்டுக்க மாட்டான். அன்னிக்கும் திட்டறதுக்குத்தான் வாயைத் திறந்தேன். அதுக்கு முன்னாடி எந்த சைட்டுன்னு பார்த்தேன், சங்கத்தோடது. சர்டிபிகேட்டைப் பார்த்தேன், நல்லா இருக்குது, காலாவதியாக இன்னும் நாள் கிடக்குது. என் கம்ப்யூட்டர்ல பக்கத்தைத் திறந்தா சட்டுனு திறந்துச்சு, ஒரு குறையும் இல்ல. மத்தியானத்துக்கு மேல பலத்த காத்து, யாரும் கடலுக்குப் போக வேண்டாம்னு தலைவர் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் மாத்தியிருந்தாரு.

ஜெகன் போனை வைக்கப் போனான். அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்.

"பக்கம் வந்துடுச்சாம் மேடம். கடலுக்குப் போகலாம்னு போட்டிருக்காம்."

அந்த நொடியை என்னால இன்னும் மறக்க முடியல. அதே சைட்டு, அதே பேரு. என் கண்ணு முன்னாடி போகாதேன்னு இருக்குது, அங்க அவ கையில போகலாம்னு இருக்குது. அப்படின்னா அவளுக்கும் எங்களுக்கும் நடுவுல வேற யாரோ உக்காந்துக்கிட்டு, நான்தான் சங்கம்னு சொல்லிக்கிட்டு இருக்கான். அதை அவ போன் கண்டுபிடிச்சிருக்குது. ஸ்கிரீன் கீறல் விழுந்த, சல்லிசான ஒரு போனு, கொட்டாய்ல மீன் வாடைக்கு நடுவுல இருந்துக்கிட்டு, எதுக்க நிக்கறது நான் தேடி வந்த ஆள் இல்லன்னு கத்தியிருக்குது. நாங்கதான் அதோட வாயைப் பொத்தச் சொல்லியிருக்கோம். எனக்கு பயமும் வந்துச்சு, கையெடுத்துக் கும்பிடணும் போலவும் இருந்துச்சு.

ஜெகன் கையிலருந்து போனைப் பிடுங்கினேன். எழிலரசிக்கு என் குரல் பழக்கம்தான், அக்கான்னு கூப்பிடுவா. "எந்த நெட்டுல பார்க்கறே?"ன்னு கேட்டேன். கொட்டாய்ல டவர் சரியா கிடைக்காது, பேச வரும், நெட் வராதுன்னு கேபிள்காரர் நேத்துதான் வைஃபை வெச்சுக் குடுத்தாருன்னா. எனக்கு விளங்கிடுச்சு. நெட்டை மிச்சம் பிடிக்கறதுக்கு ஒரு பெட்டி இருக்குது. ஒரு தடவை வந்த பக்கத்தைத் தனக்குள்ள வெச்சுக்கும், அப்புறம் யார் கேட்டாலும் அதையே எடுத்துக் குடுக்கும். ரகசியமா பூட்டி வர்ற பக்கத்தையும் அப்படிக் குடுக்கணும்னா அது நம்ம வேஷத்தைப் போட்டாகணும், தன் கையெழுத்தையே போட்ட ஒரு சர்டிபிகேட்டை நீட்டும். அந்தப் பெட்டி, காலையில கொட்டாய்ல யாரோ திறந்தப்போ பிடிச்சு வெச்ச பக்கத்தை எழிலரசிக்கு மத்தியானம் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

"கொடியை என்ன பண்ணினே?"ன்னு கேட்டேன். பச்சை ஏத்திட்டேன்க்கா, போட்டுங்களைத் தள்ள ஆரம்பிச்சுட்டாங்கன்னா. உடனே பச்சையை இறக்கிட்டு சிவப்பை ஏத்துன்னு சொன்னேன். அவ மெதுவா சொன்னா.

"அக்கா, நீங்க போன்ல சொல்றீங்க. போன்ல சொன்னா மாத்தக் கூடாதுக்கா. மாத்தினா நாளையிலருந்து என் கொடியை ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க." மூச்சு வாங்கிட்டு, "எங்க வீட்டுக்காரர் போட்டுதான் முதல்ல இறங்குது"ன்னா.

இங்க ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. மேனேஜர் ரூமை விட்டு வந்து, போனை ஸ்பீக்கர்ல போடச் சொல்லு, நான் அந்த ஆளுங்ககிட்டப் பேசறேன், கம்பெனி மேனேஜர்னு சொன்னா கேப்பாங்கன்னாரு. நீங்க யாருன்னு அவங்களுக்கு என்ன சார் தெரியும், இதுவும் ஒரு குரல்தானேன்னேன். நம்ம ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பலாம்னு ஜெகன் சொன்னான். அது இன்னிக்கு எடுத்த போட்டோவா போன வாரத்து போட்டோவான்னு அவங்க எப்படிடா கண்டுபிடிப்பாங்க, வாயை மூடுன்னேன். தலைவருக்கு அடிச்சுப் பார்த்தோம், திண்டிவனத்துல ஏதோ கூட்டத்துல போனை அணைச்சு வெச்சிருந்தாரு. அவர் பேசினாலும் அங்க செல்லாது, அது வேற விஷயம்.

இந்த இடத்தை மட்டும் நல்லா காதுல வாங்கிக்கங்க. எனக்கு அவகிட்டக் கெஞ்சணும்னுதான் தோணுச்சு. என்னை நம்பு எழில், இத்தனை வருஷம் பழகினவ சொல்றேன், கட்டுப்பாட்டைத் தூக்கிப் போடுன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா கொஞ்சம் முன்னாடி ஜெகன் செஞ்சதும் அதுதானே? எச்சரிக்கையைத் தூக்கிப் போடு, நாங்க சொல்றோம், நம்புன்னான். அதையே நானும் சொன்னா எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அதுவும் இல்லாம அவளே மாத்தினாலும் கடல்ல கால் வெச்சுட்ட ஆம்பளைங்க கேக்கப் போறாங்களா? வானம் வேற பளிச்சுன்னு இருந்துச்சாம். பக்கம்தான் பேசணும், அதுவும் அவ கண்ணு முன்னாடி பேசணும். வேற வழியே கிடையாது.

வைஃபையை அணைக்கச் சொன்னேன். எங்க போனா நெட்டுக்கு டவர் கிடைக்கும்னு கேட்டேன். பின்னாடி சவுக்குத் தோப்பு மேட்டுல கிடைக்கும்னா. "அங்க ஓடு. அங்க இருக்கறவங்கள்ல யார் ரொம்ப சத்தம் போடறாங்களோ அவரையும் கூட்டிக்கிட்டு ஓடு. அங்க போய் பக்கத்தைத் திற. அங்கயும் சிவப்பா வந்துச்சுன்னா எதையும் தொடாதே, என்னையும் சேர்த்து ஒருத்தரையும் நம்பாதே. சிவப்பு வராம நேரா திறந்துச்சுன்னா, அதுல என்ன இருக்குதோ அதைச் செய்." சரிக்கான்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

அப்புறம் காத்துக்கிட்டுதான் இருந்தோம். ஜெகன் முகத்துல ரத்தமே இல்ல. மேனேஜர் ஜன்னல்கிட்டப் போறாரு, திரும்பி வர்றாரு. வெளிய வெயில் கொளுத்துது, ஒரு இலை அசையல. ஒருவேளை தலைவரே தப்பாப் போட்டுட்டாரோன்னு ஒருத்தர் முணுமுணுத்தாரு. நான் சர்வர்ல யார் யார் வர்றாங்கன்னு ஓடற வரிங்களைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு வேற எதுவும் ஓடல. அந்த மணல் மேட்டுல ஒருத்தி ஓடி ஏறிக்கிட்டு இருப்பா. ஏறினதும் அவ கையில இருக்கிறதும் இந்த ரூம்ல இருக்கிறதும் ஊர் உலகமே கேக்கற மாதிரி பேசப் போகுது, ஆனா நடுவுல ஒருத்தனால அதுல கை வைக்க முடியாது. எந்த ராஜா நினைச்சாலும் முடியாது. உலகத்துல இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் கொண்டாந்து வெச்சாலும் நம்ம ஆயுசுக்குள்ள அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. யாரோ எங்கயோ உக்காந்து எண்ணோட எண்ணைப் பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடிச்சது, ஒரு பொம்பளையோட புருஷனைக் கரைக்குக் கொண்டு வர்றதுக்கு இப்ப வேலை செய்யப் போகுது. என்னடா இது, மனுஷன் செஞ்ச வேலையா இதுன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்பத்தான் ஸ்கிரீன்ல புதுசா ஒரு வரி விழுந்துச்சு. செல்போன் கம்பெனி நெட்டுலருந்து ஒருத்தர் பக்கத்தை வாங்கிட்டுப் போயிருந்தாங்க.

அவ திரும்பக் கூப்பிட்டப்போ பின்னாடி ஒரே கூச்சல். நடந்ததைத் துண்டு துண்டாத்தான் சொன்னா. சண்டை போட்டுக்கிட்டே இவகூட மேடு ஏறினவர், பெரிய வலை வெச்சிருக்கிற ஒருத்தர், பக்கம் சிவப்பு காட்டாம திறந்ததைப் பார்த்ததும் அவரே போனை வாங்கி சத்தமா படிச்சாராம். படிச்சு முடிக்கறதுக்குள்ள இவளுக்கு முன்னாடி கீழ ஓடிட்டாராம். கொடியை இறக்கி சிவப்பை ஏத்திட்டாங்க. மணல்ல இருந்த போட்டு எல்லாம் அங்கயே நின்னுடுச்சு. ஒண்ணு மட்டும் அலையைத் தாண்டிப் போயிருந்துச்சு, அவ வீட்டுக்காரர் முருகவேலோடது.

அந்தக் குப்பத்து ஆளுங்களுக்கு ஒரு வழக்கம். அலையைத் தாண்டினதும் ஒரு தடவை கரையைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவாங்க, அங்க இருக்கிற அம்மன் கோயிலைப் பார்த்து. கோயிலுக்கு நேர்லதான் கொடிக் கம்பமும். எழிலரசி போனைக் காதுல வெச்சுக்கிட்டே கடலைப் பார்த்து நின்னுக்கிட்டு இருந்தா. இன்னும் திரும்பிக் கும்பிடலக்கான்னா. அப்புறம், "திரும்பறாருக்கா, போட்டைத் திருப்பறாரு"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா. இங்க ஜெகன் மேசையில தலையைக் கவுத்துக்கிட்டான்.

சாயங்காலம் நான் பஸ் ஏறும்போது காத்து ஆரம்பிச்சுடுச்சு. கீழ்ப்புத்துப்பட்டு தாண்டினதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டாரு, ரோட்டுல போக முடியல. கடைசியா மரக்காணம் வந்து சேர்ந்தப்போ உப்பளத்துல ஜனங்க தார்ப்பாயும் கீத்தும் எடுத்துக்கிட்டு உப்புக் குவியல் மேல விழுந்து புரண்டுக்கிட்டு இருந்தாங்க. எங்க அண்ணன் தார்ப்பாய்க்கு மேலயே படுத்துக்கிட்டு இருந்தாரு, இல்லன்னா அது பறந்துடும். நானும் செருப்பைக் கழட்டிட்டு இறங்கிப் பிடிச்சேன். கடல் பக்கம் பார்த்தா வெள்ளையா எழும்பிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கடல்ல ஒரு பைபர் போட்டு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுக்கிட்டே தார்ப்பாய் ஓரத்துல முட்டி போட்டு உக்காந்தேன்.

கேபிள்காரர் கெட்டவர் இல்ல. நல்லது பண்றோம்னு நினைச்சுதான் எங்கயோ பழசா கிடைச்ச பெட்டியை வாங்கி மாட்டியிருக்காரு. நாங்க விளக்கிச் சொன்னதும் பதறிப் போய் பிடுங்கிட்டாரு. நாங்களும் நம்ம சைட்டுல ஒரு வேலை செஞ்சோம். நம்ம சைட்டை ஒரு தடவை ஒழுங்கா திறந்த போனுக்கு, இனிமே பூட்டு சரியில்லன்னா இவங்களை உள்ள விடவே விடாதேன்னு சர்வரே சொல்லிடும். அப்புறம் அந்தத் தொடரவும் பட்டனே வராது. நீங்க எல்லாம் முதல் நாளே போட்டு வைக்கற ஒரு வரிதான் அது. அது ஏன் அங்க இருக்குதுன்னு தெரியாமப் போடாதீங்க.

காத்து மழையெல்லாம் ஓய்ஞ்ச பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை எழிலரசி வீட்டுக்குப் போனேன், சாப்பிட வரச் சொல்லியிருந்தா. முருகவேல் அதிகம் பேசற ஆள் இல்ல. வலையை உதறிப் போட்டுட்டு வந்து உக்காந்தாரு. போன்ல பேசினது நீங்கதானான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. பாண்டியிலருந்து ஒரு அம்மா போன்ல சொன்னாங்கன்னு கரையிலருந்து யாராவது கத்தியிருந்தா, நான் திரும்பியிருக்க மாட்டேன்."

"திரும்பக் கூடாதுங்க, அதுதான் சரி"ன்னேன். மனசார சொன்னேன், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. எழிலரசி மீன் குழம்பு ஊத்திக்கிட்டு இருந்தா. தலையை நிமிர்த்தாமலே, "அந்தப் போன் முதல்லயே சொல்லுச்சு இல்லக்கா. நான் அதை அமுக்காம இருந்திருந்தா இவர் அலையே தாண்டியிருக்க மாட்டாரு"ன்னா.

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே நினைச்சுப் பார்த்தேன். போன் தன் வேலையைச் சரியா செஞ்சுது. அவ கொடியோட கட்டுப்பாட்டை மீறல. கரையில இருந்தவங்களும் மீறல, கடல்ல இருந்தவரும் மீறல. அன்னிக்கு மீறுன்னு சொன்னது நம்ம ஆபீஸ் மட்டும்தான்.